ரிசர்வில் ஓடிய வீடு

அப்பா விட்டுப்போன கார் ஒன்று. அதற்கு எஜமான் இரண்டு பேர். ஒற்றைப்படைத் தேதியில் மூத்தவர் எடுப்பார், இரட்டைப்படைத் தேதியில் இளையவர். மாதம் முப்பத்தொன்றில் முடிந்தால் மறுநாளும் ஒற்றைப்படையாகிவிடுகிறதே, அதெப்படி மூத்தவருக்கு மட்டும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் என்று இளையவர் ஒருமுறை குதித்தார். அதிலிருந்து முப்பத்தொன்றாம் தேதி யாருக்கும் கிடையாது என்று ஆனது. அன்றைக்கு வண்டி தகரக் கூரைக்கடியில் உறை போர்த்திக்கொண்டு தூங்கும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட ஆட்டோதான்.

மூத்தவர் சிமெண்ட் கிடங்கில் மேனேஜர். தெருவில் அவரை மேனேஜர் என்றே சொல்வார்கள், கிடங்கில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் ஒரே ஒருவர்தான் என்றாலும். இளையவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் கண்ணாடிக்காரர். கீழ்வீடு மேனேஜருக்கு, மாடிவீடு கண்ணாடிக்காரருக்கு. அப்பா போன கொஞ்ச நாளில் கார்க் கதவில் ஒரு சொட்டை விழுந்தது. நீ போட்டாய், நான் போடவில்லை என்று ஆரம்பித்துப் பேச்சு நின்றது. நின்றது நின்றதுதான். சொட்டையைத் தட்டி நிமிர்த்தவும் இல்லை. நிமிர்த்தினால் அது தான்தான் போட்டது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில் இருந்த சிறிய அறையில் தங்கை இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து அடுக்குகிற வேலை. கல்யாண வயது என்று ஊர் சொல்வதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் சாப்பாடும் காரைப் போலத்தான்: ஒற்றைப்படையில் கீழே, இரட்டைப்படையில் மேலே. முப்பத்தொன்றாம் தேதி வேலை முடிந்து வரும்போது ரொட்டி வாங்கி வந்து தன் அறையில் டீயில் முக்கித் தின்பாள். இதை யாரும் உத்தரவாகப் போடவில்லை. ஆனால் அப்படி ஒரு நாளில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டவரும் இல்லை.

இது தவிர அவளுக்கு இன்னொரு உத்தியோகம் உண்டு. அண்ணன் சொல்வதைத் தம்பிக்கும், தம்பி சொல்வதை அண்ணனுக்கும் கடத்துவது. இருவரும் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாலும் பேச்சு அவள் வழியாகத்தான் போகும்.

அப்படிப்பட்டவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கருத்து வந்தது.

மாப்பிள்ளை பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கிறவர். மனைவியை இழந்தவர். தங்கை தன் அறைச் சுவருக்குப் பெயிண்ட் வாங்கப் போனபோது பழக்கம். "சுவருக்கு மட்டும்தான் கேட்டேன், அவரு ஜன்னலுக்கும் என்ன கலர் ஒத்து வரும்னு யோசிச்சு சொன்னாரு" என்று அவள் மாடிவீட்டுச் சின்ன அண்ணியிடம் சொன்னாளாம். அவளுக்காக யோசித்துச் சொன்ன முதல் ஆள்.

"சாயம் கலக்கறவன்" என்றார் மேனேஜர்.

"சாயக்காரன்" என்றார் கண்ணாடிக்காரர், மாடியில், அதே நேரத்தில்.

மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அவள் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்து சாட்சிக் கையெழுத்துக்கு இருவரையும் கூப்பிட்டாள். வரவில்லையென்றால் ஊர் என்ன பேசும் என்ற பயத்தில் ஒத்துக்கொண்டார்கள். தேதியை அவளே பிடித்தாள். முப்பத்தொன்று. யாருக்கும் இல்லாத நாள். யாருடைய நாளிலும் போய் நிற்க அவளுக்கு மனசில்லை.

அன்று காலையிலேயே புழுக்கம். வானம் மூடிக் கிடந்தது, ஆனால் பெய்வதாக இல்லை. தங்கை வெளிர்மஞ்சள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது மேனேஜர் காரின் உறையை உருவிக்கொண்டிருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். கண்ணாடிக்காரர் படியில் நின்று கைக்குட்டையால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்லயே போயிடலாமேண்ணா" என்றாள் தங்கை. "நேரா அந்த ஆபீஸ் வாசல்லயே நிக்குது."

"பஸ்லயா? பஸ்ல போய் இறங்கினா அந்த ஆளு என்னம்மா நினைப்பான்? பொண்ணு வீட்டுக்காரங்க யாருன்னு அவனுக்குத் தெரிய வேணாமா? கார்ல இருந்து இறங்கணும். அவன் வந்து கதவத் தொறந்து விடணும்."

"அதுல மட்டும் எனக்கும் சம்மதம்னு சொல்லு" என்றார் கண்ணாடிக்காரர், காற்றைப் பார்த்து.

மேனேஜர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் நன்றாகவே சுற்றியது. சுற்றியதே தவிரப் பற்றவில்லை. மறுபடி திருப்பினார். இழுத்து இழுத்துச் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

"நேத்து யாரு ஓட்டினது?" என்றார் மேனேஜர், தங்கையிடம்.

"சின்னண்ணா. நேத்து முப்பது."

"கேளு அவன்கிட்ட. என்ன பண்ணி வச்சான் வண்டியன்னு கேளு."

"நான் நிறுத்தும்போது நல்லாத்தான் இருந்துச்சு. உன் பெரியண்ணன் கை பட்டதும்தான் நின்னுடுச்சு. அவரு கை அப்படி."

"ஸ்டார்ட்டர் சுத்துது. பேட்டரி நல்லா இருக்கு. அப்ப பெட்ரோல் இல்ல" என்றார் மேனேஜர்.

மீட்டரில் ரிசர்வைக் காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்தது. அதை இருவரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விளக்கு எரியாமல் அவர்கள் அந்தக் காரைப் பார்த்ததே இல்லை. தன் நாளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஊற்றுவது இருவருக்கும் வழக்கம். மிச்சம் வைத்தால் மறுநாள் மற்றவன் ஓசியில் ஓட்டிவிடுவானே. வழியில் தீர்ந்தால் ஊற்றிக்கொள்ள ஆளுக்கொரு கேன் பெட்ரோல், ஆளுக்கொரு பூட்டுப் போட்ட பெட்டியில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது.

"அவன் கேன எடுத்து ஊத்தச் சொல்லு. நேத்து காலி பண்ணினது அவன்தானே."

"இன்னைக்கு யாரு நாளும் இல்ல. நான் எதுக்கு ஊத்தணும்? அவரு மூத்தவர்தானே. ஊத்தட்டும்."

தங்கை இருவரையும் பார்த்தாள். பிறகு இரண்டு பேரிடமும் சாவியை வாங்கி, இரண்டு பெட்டியையும் திறந்து, இரண்டு கேனையும் தானே தூக்கி வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டையும் ஊற்றினாள். ஊற்றும்போது இரண்டு பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள், தங்கள் கேனில் கடைசிச் சொட்டு வரை ஊற்றுகிறாளா, மற்றவனுடையதில் மிச்சம் வைக்கிறாளா என்று.

ஊற்றியும் பற்றவில்லை.

மேனேஜர் சட்டையைக் கழற்றி மடித்து மதில்மேல் வைத்தார். பனியனோடு பானெட்டைத் திறந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதன் முனையை விரலால் தேய்த்து முகர்ந்தார்.

"காஞ்சு கிடக்கு. ஒரு பொட்டு ஈரம் இல்ல. டேங்க்ல இருந்து பெட்ரோல் என்ஜினுக்கே வரல."

"அதக் கண்டுபிடிக்க இவ்ளோ நேரமா?" என்றார் கண்ணாடிக்காரர். "பெட்ரோல் பம்பு வேலை செய்யுதான்னு முதல்ல பாக்கச் சொல்லு. சாவியப் பாதி திருப்பினா பின் சீட்டுக்கு அடியில 'உய்ங்'னு ஒரு சத்தம் கேக்கணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"கேக்க ஒரு ஆளு வேணும், திருப்ப ஒரு ஆளு வேணும். ஒரே ஆளு ரெண்டையும் பண்ண முடியாதுன்னு அந்த அறிவாளிக்கு எடுத்துச் சொல்லு."

ஒருவர் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்ப, மற்றவர் பின் சீட்டில் காதை வைத்துக் கேட்க வேண்டும். "இப்போ" என்று ஒருவர் சொல்ல வேண்டும், "கேட்கவில்லை" என்று மற்றவர் சொல்ல வேண்டும். மூன்று நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு சொல் சொல்ல இருவருக்கும் வாய் வராது. ஆகவே மேனேஜர் சாவியில் உட்கார்ந்தார், கண்ணாடிக்காரர் பின் சீட்டில் குப்புறக் கவிழ்ந்தார், கல்யாணப் பெண் கதவருகில் நின்று செய்தி கடத்தினாள்.

"திருப்பியாச்சான்னு கேளு."

"திருப்பியாச்சாண்ணா?"

"திருப்பியாச்சு."

"திருப்பியாச்சாம்."

"ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு. இன்னொரு தடவ திருப்பச் சொல்லு. மெதுவா. அவரு சிமெண்ட் மூட்டை தள்ற மாதிரி தள்ளுவாரு."

"காது கேக்குதான்னு அவனக் கேளு. கண்ணுக்குக் கண்ணாடி விக்கிறான், காதுக்கு என்ன பண்ணுவான்?"

இப்படிப் போயிற்று. பியூஸைக் கழற்றிப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. ஹாரனுக்குக் கரண்ட் அனுப்புகிற ரிலேவைப் பிடுங்கி பம்பின் ரிலே இருந்த இடத்தில் சொருகிப் பார்த்தார்கள். அப்போதும் சத்தம் இல்லை. சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகிற வயரில் சின்ன பல்பு ஒன்றை வைத்துப் பார்த்தார் கண்ணாடிக்காரர். பல்பு எரிந்தது.

"கரண்ட் வருது. பம்புதான் சுத்தல."

"பம்பக் கழட்டணும்" என்றார் மேனேஜர்.

"கழட்டணும்" என்றார் கண்ணாடிக்காரர்.

அன்று இரண்டாவது முறையாகக் கருத்து ஒத்துப்போய்விட்டதில் இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. பதிவு அலுவலகம் அன்று மதியத்தோடு மூடிவிடும். மனுவுக்கும் அன்றுதான் கடைசி நாள். விட்டால் செல்லாது, மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும். இதைத் தங்கை முந்தினநாளே இருவரிடமும் சொல்லியிருந்தாள். மேனேஜர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதறிப் பார்க்கிறவர் முகம் இல்லை அது. பஸ் போய்விடட்டும் என்று நிறுத்தத்துக்கு வராமல் கடைவாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர் முகம்.

பெரிய அண்ணி தட்டில் டீயும் வேகவைத்த முட்டையும் கொண்டுவந்தாள். தங்கையிடம் ஒரு கிளாஸை நீட்டினாள்.

"குடி. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

"வேணாம் அண்ணி. புடவையில பட்டுடும்."

"பட்டா என்ன? நீ வெளுக்காத துணியா?"

சின்ன அண்ணி மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு அண்ணிமாருக்கும் வெளியில் பேச்சு இல்லை, கணவன்மார் பேசாததால். ஆனால் பகலில் வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் மாடிப் பாத்திரம் கீழேயும் கீழ்ப் பாத்திரம் மாடியிலும் இறங்கி ஏறும். இரண்டு வீட்டுக்கும் ஒரே குக்கர்தான் என்பது அண்ணன்மார் இருவருக்கும் தெரியாது.

"அந்த மெக்கானிக்குக்குப் போன் பண்ணிப் பாருங்களேன்" என்றாள் பெரிய அண்ணி.

மேனேஜர் போன் போட்டார். அந்த மெக்கானிக் இந்த வீட்டுக்கு ஒருமுறை வந்து பட்டுவிட்டுப் போனவர். மேனேஜர் பிரேக்கைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். பாதி வேலையில் நள்ளிரவு தாண்டித் தேதி மாறிவிட்டது என்று கண்ணாடிக்காரர் வந்து, என் நாளில் என் வண்டியில் கை வைக்க நீ யார் என்று கேட்டு, சக்கரம் கழன்று கிடக்க அவரை வெளியே அனுப்பினார். அன்றிலிருந்து அவர் இந்தப் பக்கம் வருவதில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"பம்பு சுத்தலயா?" என்றது குரல். பின்னால் சுத்தியல் சத்தம். "சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்த ரெட் லைட் எப்பவாச்சும் அணைஞ்சு பாத்திருக்கீங்களா?"

மேனேஜர் போனை வேறு கைக்கு மாற்றினார், கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்தார்.

"நினைச்சேன். அந்த பம்பு பெட்ரோல்லயே முங்கிக் கிடந்தாத்தான் சூடு தணியும் சார். நீங்க ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அத வெறும் டேங்க்ல வறுத்து எடுத்திருக்கீங்க. அடியில இருக்கற அழுக்கெல்லாம் வேற உறிஞ்சியிருக்கும். தூக்கிப் பாருங்க, தெரியும்."

"நீங்க வந்து ஒரு எட்டு..."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதா இருந்தா வரேன். இல்லன்னா வேணாம் சார், எனக்கு நிறைய வேலை இருக்கு. ஒண்ணு வேணா பண்ணுங்க. பம்புக்கு அடியில இருக்கற வலைய நல்லாக் கழுவி மாட்டிட்டு, டேங்குக்கு அடியில கட்டையால தட்டுங்க. தட்டும்போதே ஒருத்தர் சாவியத் திருப்பணும். சில சமயம் முழிச்சுக்கும். எவ்ளோ தூரம் போகும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

போன் நின்றது.

பம்பைத் தூக்கினார்கள். பெட்ரோல் நாற்றம் முற்றம் முழுக்க ஏறியது. அதன் அடியில் இருந்த வடிகட்டி வலை வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது. கரி பிடித்த சட்டியின் அடி போல இருந்தது. மேனேஜர் விரலால் தொட்டார். வழவழவென்று கறுப்புச் சேறு விரலில் வந்தது.

அதை அவர் பார்த்தார். கண்ணாடிக்காரரும் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், யார் கண்டது, அந்த வீட்டில் வேறு மாதிரி ஏதாவது நடந்திருக்கலாம்.

"பாத்தியாம்மா? இதுதான் உன் சின்னண்ணன் புத்தி. ஒரு நாளாவது டேங்க ரொப்பியிருப்பானா?"

"அவரு ரொப்பினாரான்னு கேளு. காலைல நான் எடுக்கும்போது பெட்ரோல் முள்ளு தரையில கிடக்கும். அரை லிட்டர் விட்டு வச்சா அவரு சொத்து அழிஞ்சிடுமா?"

"அரை லிட்டரா? அப்பா வண்டிய..."

"அப்பாவப் பத்தி அவரு பேச வேணாம்னு சொல்லு."

"எனக்கு இவன் சொல்லி..."

"போதும்" என்றாள் தங்கை.

சத்தமாகச் சொல்லவில்லை. சலவைக்கூடத்தில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியவள், அன்று மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ இருவரும் நிறுத்தினார்கள்.

"அண்ணா, நான் இந்த வலையப் பாத்தேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணின வேலைதான் இது. ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஒரு சொட்டு கிடைச்சிடக் கூடாதுன்னு பாத்தீங்க. நடுவுல மாட்டிக்கிட்டது கருகிடுச்சு."

"இப்ப எதுக்கு இந்தப் பேச்சு..." என்றார் மேனேஜர்.

"முப்பத்தொண்ணாந் தேதி ராத்திரி நான் என்ன சாப்பிடறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

கேள்வி புரியாமல் இருவரும் நின்றார்கள். கண்ணாடிக்காரர் நிஜமாகவே யோசித்தார். விடை தெரியாத மாணவன் மேலே பார்ப்பது போல மாடியைப் பார்த்தார். மாடியில் சின்ன அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பஸ்ல போறேன்" என்றாள் தங்கை.

"அட இரும்மா, கழுவி மாட்டினா முடிஞ்சுது. அந்த ஆளு கொஞ்ச நேரம் நிக்கட்டுமே. நின்னாத்தான் மரியாதை தெரியும்."

"அவரு நிப்பாருண்ணா. அதான் நான் போறேன்."

"சாட்சி? சாட்சி இல்லாம எப்படிக் கல்யாணம் பண்ணுவே? நாங்க வராம ஒண்ணும் நடக்காது" என்று மேனேஜர் குரலை உயர்த்தினார். அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. இதை அவர் காலையிலிருந்தே கையில் வைத்திருந்தார் போல.

தங்கை வாசல் கதவைப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள்.

பெரிய அண்ணி டீத் தட்டைக் காரின் பானெட்மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உன் அடையாள அட்டை எங்க இருக்கு?"

"பீரோவுலக்கா. எடுத்துட்டு வரவா?"

"எடுத்துட்டு வா. செருப்ப மாட்டிக்கிட்டு சீக்கிரம் வா."

முற்றத்தில் இருந்த இரண்டு ஆண்களும் தலைதூக்கிப் பார்த்தார்கள். தங்கள் மனைவிமார் பேசிக்கொள்வதை, தங்கள் பேச்சு நின்ற பிறகு, அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பேச்சில் இருந்த நெருக்கம் இன்று ஆரம்பித்ததல்ல என்பது அவர்களுக்குக்கூடப் புரிந்தது.

"ஏய், நீ எங்க போறே?" என்றார் மேனேஜர் மனைவியிடம்.

"சாட்சிக்கு."

"நான் சொல்லாம நீ எப்படிப் போவே?"

"உங்களுக்குத்தான் வண்டி இருக்கே. பின்னாலயே வாங்க" என்றாள் பெரிய அண்ணி.

சின்ன அண்ணி வேலை செய்துகொண்டிருந்த சாதாரணச் சேலையோடு இறங்கி வந்தாள். போகிற போக்கில் தட்டில் இருந்த முட்டை இரண்டையும் எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தங்கையின் கையில் திணித்தாள். மூன்று பெண்களும் வாசல் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தங்கை முட்டையை உரித்துத் தின்றாள். முழுசாக இரண்டையும் தின்றாள்.

பதிவு அலுவலக வாசலில் பெயிண்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து மூன்று பெண்கள் இறங்குவதைப் பார்த்ததும் ஓடிவந்தார். பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்.

"அண்ணனுங்க வரலியா?"

"வண்டி பாத்துக்கிட்டு இருக்காங்க."

"என்னாச்சு வண்டிக்கு?"

"பெட்ரோல் வரல."

"நான் வேணா ஒரு ஆள அனுப்பி..."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள் தங்கை. "உள்ள வாங்க. மூடிடப் போறாங்க."

உள்ளே எழுத்தர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சாட்சிகள் என்ன உறவு என்று கேட்டார்.

"அண்ணி" என்றாள் பெரியவள்.

"அண்ணி" என்றாள் சின்னவள்.

"அண்ணன் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன விதத்தைக் கேட்டு எழுத்தர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போது சின்ன அண்ணி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டாள். பெரிய அண்ணி அழுத்தமாகப் போட்டாள். தங்கை போட்டு முடித்துவிட்டுப் பேனாவைப் பெயிண்ட்காரரிடம் கொடுத்தாள். அவ்வளவுதான் கல்யாணம். மாலை வாங்கி வந்திருந்தார். அலுவலகத்துக்குள் மாற்றக் கூடாது என்றார்கள். வாசலில் மரத்தடியில் மாற்றிக்கொண்டார்கள். சின்ன அண்ணி அழுதாள். பெரிய அண்ணி அவளை அதட்டிவிட்டுத் தானும் மூக்கைத் துடைத்தாள்.

அதே நேரம் முற்றத்தில் அண்ணனும் தம்பியும் தனியாக இருந்தார்கள். வலையைக் கழுவினார்கள். பம்பை உள்ளே இறக்கினார்கள். இனி டேங்கைத் தட்டுகிற நேரத்தில் சாவியைத் திருப்ப வேண்டும். செய்தி கடத்த ஆள் இல்லை.

ஆளுக்கொரு பக்கம் நின்று கையைத் துடைத்தார்கள். பிறகு மேனேஜர் ஒரு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். கண்ணாடிக்காரர் ஓட்டுகிற சீட்டில் போய் உட்கார்ந்தார். அடியிலிருந்து தட்டு விழுந்ததும் இவர் சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டு. மறுபடி சாவி. பெரிய மனிதர்கள் இரண்டு பேர், ஒருவர் தரையில் மல்லாந்து, ஒருவர் சீட்டில் வியர்த்து, ஊமைகள் போலத் தட்டியும் திருப்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத் தன் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கடைசியில் பின் சீட்டுக்கு அடியில் உய்ங் என்று முனகியது. என்ஜின் இருமியது, பற்றியது, ஓடியது.

மேனேஜர் வெளியே வந்தார். பனியன் முழுக்கக் கறுப்பு. சட்டையை எடுத்து அதன்மேலேயே போட்டுக்கொண்டு டிரைவர் கதவுப் பக்கம் வந்து நின்றார். கண்ணாடிக்காரர் இறங்கவில்லை. நாள் யாருடையதும் இல்லை என்பதால் உட்கார்ந்தவனை எழுப்ப மேனேஜருக்கு நியாயம் கிடைக்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்காருவது கௌரவக் குறைச்சல். பின் சீட்டின் மெத்தை முற்றத்தில் கிடந்தது. ஆகவே அவர் பின்னால் வெறும் தகரத்தின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அலுவலகம் மூடுகிற நேரம் தாண்டியிருந்தது. ஆனாலும் போனார்கள். அவர்கள் வராமல் ஒன்றும் நடந்திருக்காது என்று இருவருமே நம்பினார்கள்.

பெண்கள் மூன்று பேரும் பெயிண்ட்காரரும் அவர் வீட்டில் சாப்பிடுவதற்காகத் திரும்பும் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். குறுகிய ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் பஸ் நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். எல்லாம் ஹாரன் அடித்தன. கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார்.

"எதிர்ல வந்த கார் ஒண்ணு நடு ரோட்டுல நின்னுடுச்சு. ஓரமாத் தள்ள ரெண்டு பேர் இறங்குங்கப்பா."

பெயிண்ட்காரர் எழுந்தார். மாலையைக் கழற்றி மனைவியின் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கூட நாலைந்து பேர் போனார்கள். தங்கை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கதவில் சொட்டை விழுந்த காரைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவதையும், பக்கவாட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒருவர் தள்ளுவதையும் பார்த்தாள். அண்ணிகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் பார்த்துவிட்டார்கள்.

கார் ஓரத்துக்குப் போனது. பெயிண்ட்காரர் கையைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாங்களா?" என்றாள் தங்கை.

"'முடிஞ்சுதா'ன்னு பெரியவர் கேட்டாரு. முடிஞ்சுதுன்னேன். சாட்சி யாருன்னு கேட்டாரு. சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்கிட்ட ஒண்ணும் பேசல. அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டாங்க."

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

"அவங்களுக்குள்ளயா? நேருக்கு நேராவா?" என்றாள் சின்ன அண்ணி.

"ஆமா. நேருக்கு நேராத்தான். கையெல்லாம் நீட்டி நீட்டி."

"என்ன பேசினாங்க?"

பெயிண்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது... பொம்பளைங்க முன்னாடி சொல்ற மாதிரி இல்லீங்க."

பெரிய அண்ணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை. சின்ன அண்ணி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பஸ் நகர்ந்தது. காரைத் தாண்டும்போது மேனேஜர் ஓரத்தில் நின்று, கறுப்பேறிய சட்டையோடு, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் கண்ணாடிக்காரரும் கையை ஆட்டினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"உங்க ஆளுங்களாம்மா? நிறுத்தணுமா?"

"வேணாங்க" என்றாள் தங்கை. "ரெண்டு பேர் இருக்காங்கல்ல. தள்ளிக்குவாங்க."